கையுறை பொருந்தவில்லை, சரி

கேள்வி: ஓ.ஜே. சிம்சன் வழக்கைப் பற்றி இப்போதுதான் படித்தேன். கோர்ட் விடுதலை செய்தவரை ஊர் கொலைகாரர் என்கிறது. எது உண்மை ஐயா?
- வாசகி, திருவையாறு

முப்பது வருடம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவனிடம் எது உண்மை என்று கேட்கிறீர்களே அம்மா! எது நிரூபணமானது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

சிம்சன் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம். 1994 ஜூனில் அவருடைய முன்னாள் மனைவி நிகோலும் ரொனால்டு கோல்ட்மேன் என்ற இளைஞரும் லாஸ் ஏஞ்சலிஸில் குத்திக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் ரத்தக்கறைக் கையுறை ஒன்றை அவரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள், இறுக்கிப் பிடித்தது. விசாரணை அதிகாரி ஒருவர் கறுப்பர்களை இழிவாகப் பேசிய ஒலிநாடாவும் வெளியே வந்தது. 1995 அக்டோபர் 3-ல் விடுதலை. பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கும் ஜூரிகள் நாலு மணி நேரம்கூடக் கலந்து பேசவில்லை. கறுப்பர்களில் பெரும்பாலோர் நியாயம் என்றார்கள், வெள்ளையர்களில் பெரும்பாலோர் அநியாயம் என்றார்கள். ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்துத் துவைத்த போலீஸார் 1992-ல் விடுதலையானதைக் கண்ட ஊர் அது. கணக்கு அங்கிருந்தே ஓடுகிறது.

1997-ல் சிவில் வழக்கில் வேறொரு ஜூரி, சாவுக்கு அவரே பொறுப்பு என்று 3.35 கோடி டாலர் கட்டச் சொன்னது. இதில் குழப்பம் ஒன்றுமில்லை. கிரிமினலில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவிலில் தராசு ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்தால் போதும்.

ஊர் இரண்டுபடுவது எனக்குப் புதிதில்லை. குடமுருட்டிக் கரைக் கிராமம் ஒன்றின் கபடி வீரர் மீது கொலை வழக்கு. பாடிப் போனால் நாலு பேரைத் தொடாமல் திரும்பமாட்டார் என்று பெயர். வாய்தா அன்று மேலத்தெரு ஒரு டிராக்டரில் வரும், கீழத்தெரு இன்னொன்றில். டீக்கடையிலும் தனித்தனி பெஞ்சு. அரக்கு முத்திரை வைத்த பொட்டலத்தைப் பிரித்து அரிவாளை மேஜையில் வைத்தவன் நான். கண்ணால் கண்ட சாட்சி அதைப் பார்த்துவிட்டு, "இதை நான் பார்த்ததே இல்லை" என்றார். அப்போது அவர் வேட்டி முனையைத் திருகிய திருகல் எந்தத் தீர்ப்பிலும் ஏறாது.

விடுதலை. வாசலில் சரவெடி. புகை அடங்கிய பிறகு செத்தவனின் தாயார் தூக்குவாளியோடு வந்து, தீர்ப்பு நகலுக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று கேட்டார். அப்பீலுக்கா என்றேன். "இல்லை தம்பி. அதில் என் பிள்ளையின் பேர் இருக்குமல்லவா?" என்றார்.

கேள்வி: எங்கள் ஊரில் பிறந்த பாகவதர் வழக்கிலும் ஜூரிதானே?
- வாசகர், மயிலாடுதுறை

ஆமாம். சினிமாக்காரர்களைப் பற்றி வம்பு எழுதிய பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945-ல் ஜூரி குற்றவாளிகள் என்றது. அன்றைக்கு நமக்கு மேல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலையானார்கள். பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவில்லை. "அந்தக் குரல் கொலை செய்யுமா?" என்று என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். லட்சுமிகாந்தன் குத்துப்பட்டது சென்னை வேப்பேரியில் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.