வக்கீலிடம் கேளுங்கள்: தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனுக்கு

கேள்வி: பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். தேர்தல் வந்தாலே ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் வழக்குப் போட்டு, துப்பாக்கியோடு தெருவில் நடக்கும் உரிமையையே வாங்கிவிட்டார்களாம்; நியூயார்க்கில் வேலை பார்க்கும் மகன் சொல்கிறான். நானும் வழக்குப் போடலாமா?
– ஒரு வாசகர், கடையம்

பதில்: அண்ணாச்சி, உங்கள் மகன் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த வழக்கைப் போட்ட இருவரிடமும் உரிமம் இருந்தது. வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடவும் மட்டும். தற்காப்புக்காக எங்கும் கொண்டுபோகக் கேட்டபோது, ‘ஊரில் யாருக்கும் இல்லாத தேவை உனக்கு மட்டும் என்ன?’ என்றது நியூயார்க் மாநிலம். அப்படிக் கேட்பதே செல்லாது என்று 2022 ஜூனில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. அந்தக் கெடுபிடியின் வேர் 1911ஆம் ஆண்டுச் சட்டம். நமக்கு 1911 என்றால் மணியாச்சி ரயில் நிலையத்தில் கேட்ட வெடிச்சத்தம்தான்.

மாநிலம் விடவில்லை. எட்டே நாளில் புதுச் சட்டம்: டைம்ஸ் சதுக்கம், சுரங்க ரயில், பூங்கா, வழிபாட்டுத் தலம் எதிலும் துப்பாக்கி கூடாது. அதன்மேலும் வழக்குகள் பாய்ந்தன. பள்ளிக்கூடத்தில் தடை போடலாம். கூட்டம் அதிகம் என்பதற்காக நியூயார்க் நகரின் மையமான மன்ஹாட்டன் தீவு முழுவதற்கும் போட முடியாது என்பது 2022 தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியை மட்டும் அடைப்பதா, டவுனையே அடைப்பதா என்பது போன்ற சண்டை இது.

ஆயுதம் வைத்திருப்பது அங்கே அரசியல் சட்டம் தந்த உரிமை; அந்த வாதம் இங்கே எடுபடாது. ஆயுதம் வைத்திருப்பது நம் அரசியல் சட்டத்தில் அடிப்படை உரிமை இல்லை என்று 2023இல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் கையில் இருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தந்த உரிமம்.

ஆனால் ஒரு பிடி உண்டு. உரிமம் வைத்திருக்கும் எல்லாரும் கொண்டுவாருங்கள் என்று மொத்தமாகச் சொல்லக்கூடாது என அலகாபாத் உயர் நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைப்படி, யாரிடம் வாங்குவது என்று ஒரு குழு ஆளாளுக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆகவே, உங்கள் பெயருக்கு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். காரணமில்லாமல் வந்தால் மதுரைக் கிளைக்குப் போகலாம்.

ஒப்படைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், குழலுக்கு எண்ணெய் போட்டுக் கொடுங்கள். என்னிடம் வழக்குக் கொடுத்த ஒருவருக்குத் தேர்தல் முடிந்து திரும்பி வந்த குழலுக்குள் விரல் விட்டால் துருதான் ஒட்டியது. எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். துப்பாக்கி எண்ணும் அதன் நிலையும் ரசீதில் இருக்கட்டும்.