‘டைரக்ட்’ கொடுக்காத மெக்கானிக்: ட்ரையர் சர்வீஸ் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டான். லாண்டரி மெஷின், கம்பெனி ட்ரையர் எல்லாம் சர்வீஸ் செய்யும் ஓர் இடத்தில் கூப்பிடுகிறார்கள். “கரண்டும் நெருப்பும் சேர்ந்த வேலையாச்சே, அனுப்பலாமா? இல்லை, பேசாமல் டிப்ளமோவில் சேர்த்துவிடட்டுமா?”

அம்மா, அனுப்பலாம். ஆனால் கடையைப் பார்த்து அனுப்புங்கள். இந்தத் தொழிலில் இரண்டு வகைக் கடை உண்டு. மெஷின் தானாக நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று தேடுகிற கடை ஒன்று. நிறுத்திய சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு துண்டு வயரைப் போட்டு, “டைரக்ட் கொடுத்தாச்சு, ஓட்டிக்கோங்க” என்று காசு வாங்கிக்கொண்டு வருகிற கடை இன்னொன்று. முதல் கடையில் இரண்டு வருஷம் இருந்தால் பிள்ளை கையில் ஒரு தொழில் நிற்கும். இரண்டாவதில் பத்து வருஷம் இருந்தாலும் ஸ்க்ரூ டிரைவர்தான் மிஞ்சும். எது எந்தக் கடை என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் விஷயம் தெரிய வேண்டும். பையனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், இதில் பாதிக்கு மேல் அவனுக்குத்தான்.

ட்ரையர் என்றதும் வீட்டு வாஷிங் மெஷினை நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி, ஓட்டல் துணி உலர்த்தும் டம்பிள் ட்ரையர், பிளாஸ்டிக் குருணையின் ஈரத்தைப் போக்கும் ஹாப்பர் ட்ரையர், ரீவைண்டிங் கடையில் வார்னிஷ் காயவைக்கும் ஓவன், பவுடர் கோட்டிங் ஓவன், மருந்து கம்பெனியின் ட்ரே ட்ரையர் எல்லாம் ஒரே குடும்பம். வியாசர்பாடி, மாதவரம், அம்பத்தூர் என்று சுற்றினால் இதில் ஏதாவது ஒன்று ஓடாத தெரு குறைவு. உருவம் வேறு என்றாலும் உள்ளே இருப்பது ஹீட்டர், ஃபேன், சூட்டை அளக்கும் சென்சார், ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் பெரிய சுவிட்சான கான்டாக்டர்தான். ஒன்றில் கை பழகினால் மற்றது பிடிபட்டுவிடும்.

தம்பி, இனி உனக்கு.

18 கிலோவாட் டம்பிள் ட்ரையர் ஒன்றை எடுத்துக்கொள். மூன்று பேஸ், 415 வோல்ட். கணக்குப் போட்டால் பேஸுக்கு 25 ஆம்பியர் வரும். இவ்வளவு சூட்டையும் ஃபேன் தள்ளும் காற்றுதான் சுமந்துகொண்டு போகிறது. காற்று நின்றுபோய் ஹீட்டர் மட்டும் எரிந்தால் சில நிமிஷத்தில் எலிமென்ட் செக்கச்செவேல் என்றாகும். பக்கத்தில் படிந்திருக்கும் துணிப்பஞ்சுக்கு அது போதும். அதனால் ஹீட்டர் கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் காயிலுக்குப் போகும் கன்ட்ரோல் வயர் நேராகப் போகாது. எமர்ஜென்சி ஸ்டாப், ஃபேன் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோட் ரிலேயின் 95-96 டெர்மினல்கள், காற்று சுவிட்ச், கதவு சுவிட்ச், சூடு எல்லை மீறினால் துண்டிக்கும் லிமிட் தெர்மோஸ்டாட் என்று ஒரே சரட்டில் கோத்துக்கொண்டு போய்க் கடைசியில் காயிலின் ஏ1 முனையைத் தொடும். எல்லாம் சரியாக இருந்தால்தான் சரடு மூடியிருக்கும். எங்கே பிரச்சினை வந்தாலும், வயரே அறுந்தாலும்கூட, ஹீட்டர் அணையும். பழுது வந்தால் நிற்கும் பக்கம்தான் சாய வேண்டும், ஓடும் பக்கம் சாயக் கூடாது. ஒரு பேனலைத் திறந்ததும் நீ முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சரட்டைத்தான்.

“ஃபேன் கான்டாக்டர் இழுத்ததைச் சொல்லும் ஆக்ஸிலரி கான்டாக்ட் இருக்கிறதே, ஃபேன் ஓடுவது அதிலேயே தெரியாதா, காற்று சுவிட்ச் எதற்கு?” என்று ஐடிஐயில் யாராவது கேட்டிருப்பார்கள். பெல்ட் அறுந்தால் மோட்டார் ஜோராக ஓடும். லோடு இல்லாததால் கரண்ட் குறையும், ஓவர்லோட் ரிலேயும் விழாது, அதாவது துண்டிக்காது. ஆக்ஸிலரி கான்டாக்ட்டைக் கேட்டால் “ஃபேன் ஓடுகிறது” என்று சத்தியம் செய்யும். காற்று இல்லை என்பது காற்று சுவிட்சுக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சுவிட்சின் சின்ன ட்யூபில் பஞ்சு அடைத்துக்கொண்டால் காற்று இருந்தும் இல்லை என்று சொல்லும். ட்யூபைக் கழற்றிச் சுத்தம் செய்தால் முடிகிற வேலை. பல பேர் அதைச் செய்யாமல் இரண்டு டெர்மினலுக்கும் லூப் போட்டுவிடுவார்கள்.

லிமிட் தெர்மோஸ்டாட்டிடம் வருவோம். வாடிக்கையாளர் அதிகம் திட்டுவது இதைத்தான், டைரக்ட் அதிகம் விழுவதும் இதில்தான். சூட்டை ஏற்றி இறக்கும் கன்ட்ரோலரின் சென்சார் பெரும்பாலும் காற்று வெளியேறும் பக்கம் இருக்கும். லிமிட் ஹீட்டர் பக்கத்திலேயே இருக்கும், அதற்குத் தனி சென்சார். பஞ்சு ஃபில்டர் அடைத்தால் சூடான காற்று வெளிப்பக்கம் வந்து சேராது. கன்ட்ரோலர் “இன்னும் சூடு பத்தவில்லை” என்று ஹீட்டரை விடாமல் ஏற்றும். ஹீட்டர் பக்கத்தில் நடப்பது அதற்குத் தெரியாது, லிமிட்டுக்குத் தெரியும். அது விழுந்தால் கையால் அழுத்தித்தான் ரீசெட் செய்ய வேண்டும், தானாகத் திரும்பும் வகையை இந்த இடத்தில் போடக் கூடாது. தானாகத் திரும்பினால் அணைந்து அணைந்து எரிந்து, பழுதை மாசக்கணக்கில் மறைத்துவிடும்.

லிமிட் விழுந்தால் பார்க்க வேண்டிய வரிசை இது: ஃபில்டர், வெளியேற்றும் டக்ட், பெல்ட், பிறகு ஃபேன் சுற்றும் திசை. கடைசியில் சொன்னதை நிறையப் பேர் கோட்டைவிடுவார்கள். தெருவில் கேபிள் வேலை நடந்து கரண்ட் திரும்ப வரும்போது பேஸ் வரிசை மாறியிருக்கும். ஃபேன் தலைகீழாகச் சுற்றும். சென்ட்ரிஃபியூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், அளவு மட்டும் குறையும். வாசலில் கையை வைத்துப் பார்ப்பவன் “காற்று வருதே” என்று லிமிட்டைக் குறை சொல்வான். கவசத்தில் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்ப்பவன் மெயினை அணைத்துப் பூட்டி, இரண்டு பேஸை மாற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவான்.

அடுத்தது கான்டாக்டர். அடிக்கடி அடித்து அடித்து அதன் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோலரில் விளக்கு அணைந்திருக்கும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். எஸ்எஸ்ஆர் (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) போட்ட மெஷினிலும் இதே கதை. எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும், அதாவது ஆன் நிலையில். அதனால் நல்ல பேனலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுவிட்ச் உண்டு. சூட்டை ஏற்றி இறக்க ஒன்று. அதற்கு முன்னால் சீரிஸில், பாதுகாப்புச் சரடு மட்டுமே இயக்கும் இன்னொரு கான்டாக்டர். பழைய மெஷினில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் இரண்டாவது போடச் சொல்லி எழுதிக் கொடு. ஹீட்டருக்கு ஏசி-1 ரேட்டிங் பார்த்து வாங்க வேண்டும், மோட்டாருக்குரிய ஏசி-3 எண்ணைப் பார்த்துக் குழப்பிக்கொள்ளாதே. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, செட் பாயின்ட்டை இறக்கி ஹீட்டரை அணையவிட்டு மூன்று பேஸ் வயரிலும் கிளாம்ப் மீட்டர் போட்டுக் கரண்டை அள. கிளாம்ப் பூஜ்யம் காட்டினால் விட்டுவிடாதே. நியூட்ரல் இல்லாத ஸ்டார் இணைப்பில் கான்டாக்டரின் மூன்று கான்டாக்ட்டில் ஒன்று மட்டும் ஒட்டியிருந்தால் கரண்ட் ஓடாது. அவுட்கோயிங் டெர்மினலில் வோல்டேஜையும் பார்.

சென்சார் பற்றி இரண்டு வார்த்தை. சூட்டைச் சின்ன வோல்டேஜாகச் சொல்லும் தெர்மோகப்பிளின் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏறக் காட்டும் எண் இறங்கும், கன்ட்ரோலர் முழு வேகத்தில் எரிக்கும். சூட்டுக்கேற்ப ஓம் மாறும் பிடி 100 சென்சார் ஷார்ட்டானால் குறைந்த சூடு என்று நினைத்து அதையேதான் செய்யும். பிடி 100-ஐக் கழற்றி, 30 டிகிரி அறையில் அதன் மூன்று வயரில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அளந்தால் ஏறக்குறைய 111.7 ஓம் வர வேண்டும். 100 டிகிரியில் 138.5 ஓம். இரண்டு சிவப்புக்கு நடுவே கிட்டத்தட்டப் பூஜ்யம். இந்த மூன்று எண்ணும் நாக்கு நுனியில் இருக்கட்டும், இன்டர்வியூவில் கேட்பார்கள்.

சூடு மிஞ்சினால் உருகும் தெர்மல் ஃபியூஸ் ஒருமுறைதான். போனால் அதே டிகிரி எழுதியதைப் போடு. சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே போய்விடும், கிரிம்ப் செய்ய வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. டெர்மினல் பச்சை பூத்து லூஸாகி அங்கேயே கருகும். மழைக்காலத்தில் பத்து நாள் மெஷின் சும்மா கிடந்தால் எலிமென்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆன் செய்ததும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழும். பிரேக்கரை டைரக்ட் செய்தால் மெஷின் ஓடும், மெஷின் உடம்பில் கரண்டும் ஓடும். கன்ட்ரோலர், எஸ்எஸ்ஆர் வயர்களைக் கழற்றிவைத்துவிட்டு எலிமென்டை 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பார். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் கழற்றி, வேறொரு ஓவனில் சில மணி நேரம் காயவைத்து, மறுபடி அளந்துவிட்டு மாட்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றது போலத் தண்ணீரில் முழுகிய பேனலாக இருந்தால் எம்சிபி, கான்டாக்டர், லிமிட் சுவிட்ச் எதையும் காயவைத்துத் திரும்பப் போடாதே, மாற்றித்தான் ஆக வேண்டும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

துணி ட்ரையரில் ஹீட்டர் அணைந்த பிறகும் ஐந்து, பத்து நிமிஷம் ஃபேனும் டிரம்மும் ஓடுவதைப் பார்த்து “கரண்ட் வேஸ்ட்” என்று டைமரைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்காதே. சமையலறைத் துணி, மசாஜ் டவல் எல்லாம் எவ்வளவு துவைத்தாலும் எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சூட்டோடு குவித்துவைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறி, ஆள் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். வார்னிஷ் ஓவனில் வேறு மாதிரி: கரைப்பான் ஆவி தங்கியிருக்கும்போது ஹீட்டர் எரியக் கூடாது. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 86 விதிப்படி, ஹீட்டரைப் போடுமுன் அறையின் கொள்ளளவைப் போல் நான்கு மடங்கு புதுக் காற்று உள்ளே போயிருக்க வேண்டும். 2 கன மீட்டர் அறைக்கு 8 கன மீட்டர். ஃபேன் நிமிஷத்துக்கு 4 கன மீட்டர் புதுக் காற்று தந்தால் 2 நிமிஷம். டைமரை 3-ல் வை.

அம்மா, இனி மறுபடி உங்களுக்கு.

கடைக்குப் போய் வேலையைப் பற்றிப் பேசும்போது பையன் ஒன்று கேட்கட்டும்: “லிமிட் அடிக்கடி விழுகிறது, பார்ட்டி அவசரப்படுத்துகிறார், என்ன செய்யணும்?” ஃபில்டர், டக்ட், ஃபேன் என்று சொல்ல ஆரம்பித்தால் நல்ல இடம். “முதல்ல ஓடவிடு, அப்புறம் பார்த்துக்கலாம்” என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, மெயினை அணைத்த பிறகு பூட்டுப் போட ஆளுக்கொரு பூட்டு கொடுக்கிறார்களா? சாவி யார் பையில் இருக்கும்? கொடுக்காவிட்டால் முதல் சம்பளத்தில் அவனே ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ உண்டு, கேட்க வெட்கப்பட வேண்டாம். அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி பக்கம்தானே.

டிப்ளமோ விஷயம். பத்தாவது முடித்து இரண்டு வருஷ ஐடிஐ படித்தவருக்கு டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டு. அது எங்கேயும் ஓடிப்போகாது. எங்கள் கருத்து: வீட்டில் பணம் இறுக்கமாக இல்லையென்றால் இப்போதே சேர்த்துவிடலாம். இறுக்கம் என்றால் ஒரு வருஷம் 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி பதிவான பயிற்சியில் விடுங்கள். உதவித்தொகை வரும், முடிவில் தேர்வெழுதித் தேசிய அப்ரென்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். பதிவில்லாமல் “டிரெய்னிங்” என்று கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வது அதில் சேராது. அதற்குப் பிறகு டிப்ளமோ போனால், வகுப்பில் சொல்லும் ரிலே லாஜிக் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். டிப்ளமோவில் எலக்ட்ரிக்கல் எடுக்கலாம்தான். ஆனால் ட்ரையர், ஓவன் பக்கமே நிற்க நினைத்தால் அளக்கும், கட்டுப்படுத்தும் கருவிகளைப் பற்றிய இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்னும் பொருந்தும். அங்கிருந்து பேனல் வயரிங், பிஎல்சி (மெஷினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்), சேஃப்டி ரிலே என்று அம்பத்தூர் பேனல் கம்பெனிகளுக்குப் போக வழி இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பெண்பிள்ளை இருந்தால் அவளுக்கும் இதே படிப்புதான். பேனல் வேலைக்குத் தோள்வலு தேவையில்லை. 2022 செப்டம்பர் 5-ல் நம் வடசென்னை பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைத்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐ, டிப்ளமோ சேரும் மாணவிகளுக்கும் உண்டு.

கடைசியாக, சில கடைகளில் “நின்றுவிடாமல் இருக்க” ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். டிப்ளமோ சேர்க்கையின்போது பத்தாம் வகுப்பு, ஐடிஐ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நாலும் ஒரிஜினலாக உங்கள் பீரோவில் இருக்க வேண்டும்.