வாங்கின போன் திருட்டு போன்னு தெரிஞ்சா என்ன பண்றது?

கோலாலம்பூர் செந்தூல்லேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. பேஸ்புக்குல பாத்து, எல்ஆர்டி ஸ்டேஷன் படிக்கட்டுல வச்சு 1,350 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஐபோன் வாங்கியிருக்காரு. பெட்டி இல்ல, ரசீது இல்ல, "ஐகிளவுட் அப்புறமா கழட்டித் தரேன் பாஸ்"னு வித்தவன் சொல்லியிருக்கான், அதாவது பழைய சொந்தக்காரரோட ஆப்பிள் கணக்கு போன்ல இன்னும் இருக்குன்னு அர்த்தம். மூணு வாரத்துல போன் லாக் ஆகி, தொலைஞ்ச போன்னு ஒரு நம்பரோட மெசேஜ் வருது, கூப்பிட்டா ஒரு அம்மா, போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சுங்கறாங்க. வித்தவன் பிளாக் பண்ணிட்டான். "உள்ள போவேனா, காசு கிடைக்குமா"ன்னு கேக்குறாரு.

தம்பி, திருட்டுப் பொருள் வாங்குறதுக்கு மலேசியத் தண்டனைச் சட்டம் 411வது பிரிவுல 5 வருசம் வரைக்கும் ஜெயில் இருக்கு, ஆனா திருட்டுன்னு தெரிஞ்சிருக்கணும், இல்ல அப்படி நம்ப காரணம் இருந்திருக்கணும். அந்த ஐகிளவுட் பேச்ச வச்சு உங்கள நாலு கேள்வி கேப்பாங்க, மறைக்காம சொல்லுங்க. நேத்து வரைக்கும் தெரியாது, சரி. இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சே! இனிமே இத இன்னொருத்தன் தலையில கட்டினீங்கன்னா திருட்டுப் பொருள் விக்கிறவன் நீங்கதான்.

இப்ப 300 வெள்ளி குடு, சர்வர்லேர்ந்தே லாக் எடுத்துடறேன்னு ஒருத்தன் வருவான். வந்தே தீருவான், எனக்கு வர்ற பத்து கேஸ்ல எட்டுல வந்துட்டான். காசையும் முழுங்குவான், போனையும் பிரிச்சு பார்ட்ஸா வித்துடுவான், போலீஸ் கேட்டா கைல காட்ட போனே இருக்காது. "ஸ்டேஷன்ல எனக்கு ஆள் இருக்கு, செட்டில் பண்றேன்"னு வர்றவன் இவனுக்கு அண்ணன், பக்கத்துல சேக்காதீங்க.

ஐசி (அடையாள அட்டை), போன், சாட் ஸ்க்ரீன்ஷாட், காசு அனுப்புன சிலிப் எல்லாம் எடுத்துட்டு நீங்களே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. அந்த அம்மா ரிப்போர்ட் போட்ட ஸ்டேஷனுக்குப் போன்னு தள்ளிவிடுவாங்க, அங்க போனா ஐஓ (கேஸ விசாரிக்கிற அதிகாரி) வெளிய போயிருக்காரும்பாங்க, நல்லது செய்ய வந்தவன இப்படி அலையவிட்டா எவன் வருவான், ஆனாலும் விடாதீங்க. ஐஎம்இஐ, அதான் ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள எண், அதோட 15 நம்பரும் ரிப்போர்ட்ல ஏறணும், நிறைய மாடல்ல சிம் ட்ரேலயே பொடி எழுத்துல இருக்கும். போன எடுத்துக்கிட்டா எழுத்துல வாங்கிக்குங்க.

போன் உங்களுக்கு இல்ல. திருடன்கிட்ட இல்லாத உரிமைய அவன் உங்களுக்கு விக்க முடியாது, 1957 பொருள் விற்பனைச் சட்டம் அதத்தான் சொல்லுது. காச வித்தவன்கிட்டதான் கேக்கணும். கடையில வாங்கியிருந்தா பயனீட்டாளர் டிரிபியூனல் (வாங்குறவங்க புகார விசாரிக்கிற மன்றம்), 5 வெள்ளி கட்டி 50,000 வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம். ஆனா தன் சொந்தப் போன ஒரு தடவ விக்கிற ஆள அங்க இழுக்க முடியாது, வியாபாரியத்தான் இழுக்கலாம். அதனால அவன் பேஜ உடனே போய் பாருங்க, வாரம் நாலு போன் போடறானா, "ஸ்டாக் இருக்கு"ன்னு எழுதியிருக்கானா, ஒண்ணு விடாம படம் எடுங்க, வியாபாரம்தான் பண்றான்னு வாதாட அதான் ஆதாரம். அவன் அழிக்கிறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரியே.

அந்த அம்மாவ நெனச்சு பாவமா இருக்கும். இருந்தாலும் போன நேரா அவங்க கைல குடுத்துடாதீங்க, போலீஸ் வழியாவே போகட்டும்.