பழுக்கக் காய்ச்சிய இரும்பும் கருப்புச் செதிலும்: கேள்வி பதில்

கப்பலூர்ப் பக்கம் ஒரு போர்ஜிங் பட்டறையில் 22 வருடமாக இருக்கிறேன். சூட்டில் இரும்பு அடிப்பது பற்றி நீங்கள் கேட்டிருந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பாச்சேத்தி): அண்ணே, அரிவாள் அடிக்கும்போது அப்பா பட்டடையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிப்பார், டமார் என்று வெடிக்கும். எதற்கு அது?

பதில்: அப்பா செய்வது ரொம்பச் சரி தம்பி. பழுத்த இரும்புக்கும் பட்டடைக்கும் நடுவில் சிக்கிய தண்ணீர், சம்மட்டி விழுந்ததும் ஆவியாகி வெடித்து, சூட்டில் இரும்பின் மேலே படிந்த கருப்புச் செதிலைப் பெயர்த்துவிடுகிறது. இரும்பை உருளைகளில் நசுக்கி நீட்டும் பெரிய ரோலிங் மில்லில் 150 பாருக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 150 மடங்கு) மேல் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவதும் செதிலைப் பெயர்க்கத்தான். செதிலைப் பெயர்க்காமல் அடித்தால் அது இரும்புக்குள் பதிந்து, சாணை பிடிக்கும்போது குழி குழியாகத் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொல்லுங்கள், செதில் சூடாகத் தெறிக்கும்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவி): சார், செதில் என்றால் துருதானே?

பதில்: இல்லைம்மா. துருவுக்கு ஈரம் வேண்டும். இது சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் நேராக இரும்போடு சேர்ந்து வருவது. 1000 டிகிரி வாக்கில் மூன்று வகை இரும்பு ஆக்சைடு அடுக்காக இருக்கும்: இரும்பை ஒட்டி வுஸ்டைட், நடுவில் மாக்னடைட், மேலே மெல்லிசாக ஹேமடைட். தடிமனில் முறையே ஏறக்குறைய 95, 4, 1 சதவீதம்.

கேள்வி (கப்பலூர்): அண்ணே, இந்தச் செதில் உராய்வைக் குறைக்குமா, கூட்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டும் உண்மை, சூடுதான் முடிவு செய்யும். நல்ல சூட்டில் வுஸ்டைட் ஓரளவு இளகி இரும்போடு சேர்ந்து நீளும், அப்போது டைக்கும் (இரும்புக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) இரும்புக்கும் நடுவில் வழுக்கலாக நின்று உதவும். சூடு இறங்கினால் கெட்டியாகி நொறுங்கும், நொறுங்கியது உப்புத்தாள் மாதிரி டையைத் தேய்க்கும். பத்தாத சூட்டில் இன்னும் இரண்டு அடி என்று அடிக்கிறோமே, டையின் ஆயுளைத் தின்பது அந்த அடிகள்தான். அதற்காகச் செதில் கனமாக வளரட்டும் என்று விடவும் கூடாது, அத்தனையும் உங்கள் இரும்பு. கரண்ட் போய் சுத்தியல் நின்றால் பல பேர் உலையை அப்படியே எரிய விடுகிறார்கள், மனசு பதறுகிறது. பர்னரைக் குறையுங்கள். ஒரே சூட்டில் நேரம் நாலு மடங்கானால் செதில் இரண்டு மடங்குதான் ஆகும், ஆனால் சூடு ஏற ஏற அது வளரும் வேகம் எகிறிவிடும்.

கேள்வி (மேலூர்): லாரிப் பட்டையில் (ஸ்பிரிங் பட்டை) மட்டும் செதில் பெயரவே மாட்டேன் என்கிறதே?

பதில்: பல பட்டைகளில் சிலிக்கான் 2 சதவீதம் வரை இருக்கும். அது ஆக்சைடோடு சேர்ந்து 1170 டிகிரி தாண்டியதும் உருகி, ஆறும்போது செதிலைப் பசை மாதிரி ஒட்டிவிடும். வெள்ளை மஞ்சளுக்குப் போகவிடாமல் ஆரஞ்சிலேயே எடுங்கள். பூப்பூவாகப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது, அந்த முனையை வெட்டிப் போடுங்கள்.

கேள்வி (கப்பலூர்): டைக்குப் பழைய என்ஜின் ஆயில் தடவலாமா?

பதில்: வேண்டாம். புகை, தீ, டையில் கரிப் படிவு. தண்ணீரில் கலந்த கிராபைட்டை, 200 டிகிரிக்கு மேல் சூடேற்றிய டையில் தெளியுங்கள்.

கேள்வி (அவரே): கிராபைட் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: வெளி விட்டம் 60, உள் விட்டம் 30, உயரம் 20 மில்லிமீட்டரில் ஒரு வளையம் கடைந்து, காய்ச்சி, தட்டையான இரண்டு டைக்கு நடுவில் பாதி உயரத்துக்கு அமுக்குங்கள். நடு ஓட்டை பெரிதானால் உராய்வு குறைவு, சுருங்கினால் அதிகம். கிராபைட் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, செதில் தட்டி ஒன்று, தட்டாமல் ஒன்று, நாலையும் ஒரே சூட்டில் செய்து பார்த்துவிட்டு அளவை எனக்கு அனுப்புங்கள்.