மவுஸ் பிடித்த கைக்கு எதை வாங்குவது?

சென்ற மாதம் மவுஸ் ஒன்றைப் பற்றி இரண்டு வரி எழுதப்போக, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மணிக்கட்டு வலி. திருகோணமலையில் இத்தனை பேர் விடிய விடியக் கணினியில் சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். விலைகளை மட்டும் தொடவில்லை.

கேள்வி: வயது 22. இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்தால் இரண்டு, மூன்று மணி வரை சுடும் விளையாட்டு. இரண்டு மாதமாக வலது மணிக்கட்டு நோகிறது. 1,850 ரூபாய்க்கு இழுபடும் கைப்பட்டி வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே விளையாடுகிறேன். குறையவில்லை. போலிப் பட்டியா? (உப்புவெளி)

பதில்: பட்டி அசல்தான் தம்பி, நீங்கள் அதற்குக் கொடுத்த வேலைதான் பிழை. இழுபடும் துணி கையைச் சூடாக வைத்திருக்கும். மணிக்கட்டு மடங்குவதைத் தடுக்காது. தடுப்பது, உள்ளே தட்டையான தகடு வைத்துத் தைத்த பட்டி. அதையும் பெரும்பாலும் படுக்கும்போதுதான் கட்டச் சொல்வார்கள். நித்திரையில் நம்மை அறியாமல் கையை மடக்கி வைத்துக்கொள்கிறோம்.

எதையும் வாங்குமுன் எந்த விரல் என்று பாருங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, இரவில் எழும்பிக் கையை உதறுகிறீர்கள் என்றால், மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிக்கலாம். அங்கே ஓர் ஒடுங்கிய வழியால் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. கொஞ்சம் வீங்கினாலும் நரம்புக்குத்தான் இடமில்லாமல் போகும். வைத்தியர்கள் கார்பல் டனல் என்பது இதைத்தான். சின்னவிரல் விறைத்தால் மணிக்கட்டை விட்டுவிட்டு முழங்கையைப் பாருங்கள், மேசை விளிம்பில் ஊன்றுகிறீர்களா என்று. பெருவிரலின் அடியில் நோவு என்றால் பெரும்பாலும் தசைநாண். கைபேசியில் விளையாடுகிறவர்கள் அதோடு வருவார்கள். இந்த மூன்றுக்கும் கடையில் ஒரே பட்டியைத்தான் எடுத்துத் தருகிறார்கள்.

அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுவதற்குக் காசில்லை. விறைப்பு விடாமல் இருந்தாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ நாளைக்கே போங்கள். அதுவரை ஒன்பதிலிருந்து மூன்று என்பதை ஒன்பதிலிருந்து பத்தரை ஆக்குங்கள்.

கேள்வி: கன்னியா வெந்நீரூற்றில் கையை வைத்திருந்தால் மணிக்கட்டு வலி போகுமா? (சாம்பல்தீவு)

பதில்: சுகமாக இருக்கும். ஏழு கிணற்றிலும் வாளி அள்ளி ஊற்றி முடிக்கும் மட்டும் மவுஸைத் தொடமாட்டீர்கள் அல்லவா, குணம் அதில்தான்.

கேள்வி: ஐயா, மகன் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். எந்நேரமும் கணினி விளையாட்டு, கை நோகிறது என்கிறான். வீடு வீடாக வந்த ஒருவர் காந்த வளையல் ஒன்றைக் காட்டி, இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யும் என்றார். சீட்டுக்காசில் எடுத்து 7,200 ரூபாய் கொடுத்தேன். ஒரு மாதமாகிறது. மகன் சிரிக்கிறான். (தம்பலகாமம்)

பதில்: அம்மா, முதலில் மகனிடம் சிரிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அவன் கை நோகிறது என்றுதான் நீங்கள் சீட்டுக்காசை எடுத்தீர்கள்.

காந்த வளையலைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளிவந்த இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், முடக்குவாதம் உள்ள 70 பேருக்குக் காந்தப் பட்டியையும் செப்பு வளையலையும் காந்தமில்லாத போலிப் பட்டியையும் மாற்றி மாற்றி அணிவித்தார்கள். போலிப் பட்டிக்கு மேலாக மற்றவை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் மகனுக்கு முடக்குவாதமும் இல்லை, வெறும் அளவுக்கு மிஞ்சிய விளையாட்டு.

பணத்துக்கு வருவோம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வந்தவர் தந்த துண்டுப் பிரசுரம், தொலைபேசி இலக்கம், வளையல் வந்த பெட்டி, எதையும் எறியவேண்டாம். பக்கத்து வீட்டிலும் விற்றிருப்பார். அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள். பணம் திரும்பும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த மனிதர் அடுத்த தெருவுக்குப் போகுமுன் அவர் பெயர் ஒரு கோப்பில் ஏறட்டும்.

கேள்வி: மணிக்கட்டுக்கு ஜெல் மெத்தை வைத்த மவுஸ் விரிப்பு, ‘எர்கோனொமிக்’ என்று எழுதியிருக்கிறது, 3,400 ரூபாய். வாங்கலாமா? (என்.சி. வீதி)

பதில்: அந்தச் சொல்லை எழுதிக் கேட்டீர்கள், இனி நான் நிறுத்தமாட்டேன்.

எர்கோனொமிக் என்றால் உடலுக்கு இசைவாகச் செய்தது என்று பொருள். யாரிடமும் அனுமதி வாங்கி அச்சிடுகிற சொல் அல்ல அது. உணவுப் பொதியில் காலாவதித் திகதி போடச் சட்டம் இருக்கிறது; இந்தச் சொல்லைப் போட ஒரு அச்சுக்கூடம் போதும். மவுஸில் போடுகிறார்கள், கதிரையில் போடுகிறார்கள், போன கிழமை ஒரு தும்புத்தடியிலும் கண்டேன். ‘கேமிங்’ என்ற அடுத்த சொல்லும் சேர்ந்துவிட்டால் விலை இரட்டிக்கும், உள்ளே ஒரு விளக்கு எரியும்.

அந்த மெத்தையைக் கடையில் வைத்தே ஒரு தரம் பாருங்கள். கையை அதன் மேல் வையுங்கள். மெத்தை தொடுகிற இடம் எது? உள்ளங்கை தொடங்குகிற அந்த மெல்லிய மடிப்பு. நான் மேலே சொன்ன நரம்பு தோலுக்குக் கீழே அதிக ஆழமில்லாமல் போகும் இடம் அதுதான். அங்கே பாரத்தை ஊன்றி, மணிக்கட்டை அச்சாக வைத்து இடமும் வலமும் திருப்பினால், நோவுக்குக் காசு கொடுத்து மெத்தை போட்டதாகும். விளையாட்டின் இடையில் கையை ஓய்வாக வைக்க அது பரவாயில்லை. மவுஸை நகர்த்தும்போது கை மிதக்க வேண்டும், முழங்கையிலிருந்து அசைய வேண்டும். அதற்கு வேண்டியது மெத்தையில்லாத, அகலமான சாதாரண விரிப்பு. விலையும் குறைவு. மவுஸின் வேகத்தையும் விளையாட்டின் அமைப்புகளில் குறைத்துவிடுங்கள், அதற்குக் கட்டணமில்லை. முதல் கிழமை தோற்பீர்கள்.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், நானும் அந்தச் சொல்லுக்குக் காசு கொடுத்தவன். இந்தப் பத்தியில் ஏற்கெனவே அழுத அதே கதிரைதான்: 58,000 ரூபாய், பந்தயக் கார் ஆசனத்தின் வடிவம், எர்கோனொமிக், கேமிங், இரண்டும். தோல் என்றார்கள், துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக். எங்கள் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் இரண்டாவது மாரிக்கு உரியத் தொடங்கியது. வெள்ளை வேட்டியோடு எழும்பினால் பின்னால் கறுப்புச் செதில். கைப்பிடிகளோ மேசையை விட உயரம், இறக்க வழியில்லை; அவற்றின் மேல் கையை வைத்தால் மணிக்கட்டு பின்னுக்கு வளைந்தபடியே கிடக்கும். இன்று சாப்பாட்டு மேசைக் கதிரையில், ஒரு தலையணை போட்டு, காலுக்கடியில் இரண்டு செங்கல் வைத்து இருக்கிறேன். முழங்கையும் மேசையும் ஒரே மட்டம். நோவில்லை.

உங்கள் 3,400 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகநூலில் ஒரு பக்கம், அசல் மவுஸ் பாதி விலைக்கு. 9,500 ரூபாய் முன்கூட்டியே வங்கியில் போட்டேன். வந்தது, ஒரு தரம் அழுத்தினால் இரண்டு தரம் வேலை செய்கிறது. திரும்பத் திரும்ப அழுத்தி விரலும் நோகிறது. பக்கத்தில் முகவரி இல்லை, இப்போது என்னைத் தடுத்துவிட்டார்கள். (டொக்யார்ட் வீதி)

பதில்: முகவரி இல்லை என்பதைப் பணம் போட்ட பிறகுதான் பார்த்தீர்களா? பாதி விலை என்றதும் கண்ணும் பாதிதான் திறந்திருக்கிறது. இதே கடிதம் இந்த வருடம் எனக்கு எத்தனை தரம் வந்துவிட்டது! ஆட்களும் பொருளும்தான் வேறு.

வங்கிச் சீட்டையும் உரையாடலின் படங்களையும் எடுத்துவைத்து, பொலிஸில் முறையிடுங்கள். பணம் போன கணக்கின் பெயர் உங்களிடம் இருக்கிறது, அது ஒன்றுதான் கைப்பிடி.

கேள்வி: மணிக்கட்டு வலிக்கென்று இலேசான மவுஸ் ஒன்றை ஒரு கடையில் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். மீன்வாடியில் கணக்கு எழுதிச் சேர்த்த காசு. ஒரு வருட உத்தரவாதம், பற்றுச்சீட்டு இருக்கிறது. ஐந்தாவது கிழமை இடது பொத்தான் பழுது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்கிறார்கள். மூதூரிலிருந்து மூன்று தரம் பஸ்ஸில் போய்வந்துவிட்டேன். (மூதூர்)

பதில்: நீங்கள் ஒன்றும் பிழை விடவில்லை. பொருளைத் தேர்ந்ததும் சரி, சீட்டு வாங்கியதும் சரி. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டியது விற்பவர் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது, கேட்கத்தான் ஆட்களில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

இனி ஒன்றைக் கவனியுங்கள். ‘கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்ற அந்த வசனத்துக்குள்ளேயே மூன்று மாதம் ஓடிவிடும். முறையிடும் காலம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது, கடைக்காரர் கையை விரித்த நாளிலிருந்து அல்ல. ஆகவே நான்காவது தரம் பஸ் ஏறவேண்டாம். மவுஸை ஒப்படைத்த திகதியைக் குறிப்பிட்டு, 14 நாளுக்குள் மாற்றித்தரும்படி கடைக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதன் பிரதியோடும் சீட்டின் பிரதியோடும் அதிகார சபைக்கு ஒன்று. சீட்டின் மூலப்பிரதியை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பழைய மவுஸால் அதுவரை சமாளிக்கும்போது, இறுக்கிப் பிடிக்காமல் பிடியுங்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். மறக்கமாட்டேன்.

கேள்வி: வலது கை நோகிறது. இடது கையால் விளையாடப் பழகலாமா? இடது கை மவுஸ் எங்கே கிடைக்கும்? (கிண்ணியா)

பதில்: பழகலாம். பிறகு இரண்டு கைக்கும் சேர்த்து எழுதுவீர்கள்.

கேள்வி: ஐயா, அந்த 58,000 ரூபாய்க் கதிரையை விற்கும் எண்ணம் உண்டா? (நிலாவெளி)

பதில்: விலையில்லை. வந்து தூக்கிக்கொண்டு போங்கள். தோல் உரியும், கைப்பிடி இறங்காது, சில்லு ஒன்று சுழலாது என்று இங்கேயே எழுதித் தந்துவிட்டேன், பிறகு 1977க்கு அழைக்கக்கூடாது. வரும்போது வெள்ளை உடுத்தவேண்டாம்.