மழை வந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? லைட் போர்டை மாரிக்கு முன் சரிசெய்வது எப்படி

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் கடலோரமாகப் பேக்கரி வைத்திருக்கிறேன். முகப்பில் 8 அடிக்கு 4 அடி எல்ஈடி லைட் போர்ட். போன மாரியில் பாதி எழுத்து அணைந்துவிட்டது. மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கடை முழுக்க இருட்டாகிறது. சுற்றிவரச் சிலிக்கன் அடித்தும் போர்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு நேரடியாக வயர் கொடுக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நேரடியாக வயர் கொடுக்கும் யோசனையை முதலில் கைவிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுவது அதன் கோளாறு அல்ல. 230 வோல்ட் எங்கோ ஈரத்தின் வழியாகக் கசிகிறது என்று அது சொல்கிறது. வழக்கமாகப் பொருத்தப்படும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், கசிவு அந்த அளவுக்கு ஏறுமுன்பே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதை விலக்கிவிட்டால் அந்தக் கசிவு போர்டின் இரும்புச் சட்டத்திலும் அதைத் தொட்டிருக்கும் ஷட்டரிலும் ஏறி நிற்கலாம். மழையில் நனைந்த காலோடு பாண் வாங்க வரும் பிள்ளை அந்த ஷட்டரைப் பிடித்தால் என்ன ஆகும்? இதில் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லை.

போர்டின் சுவிட்சை ஓஃப் பண்ணிய பிறகும் ட்ரிப் விழுகிறதா என்று பாருங்கள். சாதாரண சுவிட்ச் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் வயர் ஈரத்தால் எர்த்தோடு தொட்டுக்கொண்டால், சுவிட்ச் ஓஃபில் இருந்தாலும் ட்ரிப் விழும். பலர் இங்கேதான் குழம்பி, பிழை பிரிட்ஜில் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் போடுங்கள். அப்புறம் போர்டுக்குத் தனியாக ஓர் ஆர்சிபிஓ வேண்டும், கசிவு வந்தாலும் மின்னோட்டம் அளவு மீறினாலும் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் அது. அதைப் பழைய ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் போட்டால் இரண்டும் சேர்ந்தே விழக்கூடும். மெயின் சுவிட்சிலிருந்து தனி வழியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். போர்டில் கசிவு வந்தால் போர்ட் மட்டும் அணையும், பிரிட்ஜும் மாவு பிசையும் மெஷினும் ஓடும். இது அனுமதி பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை.

சரி, சிலிக்கன் அடித்தும் தண்ணீர் எப்படி வந்தது? லைட் எரியும்போது பெட்டிக்குள் காற்று சூடாகி விரிந்து வெளியேறுகிறது. திடீரென்று மழை கொட்டினால் பெட்டி குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அந்த வெடிப்புகள் மாரிக்கு முன்பே, கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களின் வெயிலில் உண்டானவை. கீழ்ப்பக்கத்தையும் நீங்கள் அடைத்துவிட்டதால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. முழுக்க அடைத்த பெட்டியைவிட, வடிய வழியுள்ள பெட்டியையே நான் நம்புவேன். மேலேயும் பக்கங்களிலும் மட்டும் சிலிக்கன் அடியுங்கள். அடிப்பக்கத்தில் இரு முனைகளிலும் நடுவிலும் 6 முதல் 8 மில்லிமீற்றர் துளை போட்டு, குளவி கூடு கட்டாமல் உள்ளே சின்ன வலை ஒட்டுங்கள். வினாகிரி மணம் வரும் சிலிக்கன் வேண்டாம், அதன் அமிலம் உலோகத்தை அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

எழுத்து அணைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் எல்ஈடி அல்ல. பவர் சப்ளையும் வயர் மூட்டுகளும்தான் முதலில் போகும். பவர் சப்ளையைக் கடைக்குள்ளே கொண்டுவாருங்கள். அப்படிச் செய்தால் வெளியே போவது 12 வோல்ட் மட்டுமே. ஆனால் மெல்லிய வயர் போட்டால் தூரத்து எழுத்துகள் மங்கும். 120 வாட் போர்டுக்கு 10 அம்பியர் ஓடும். 5 மீற்றர் தூரத்தில் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும், 4 சதுர மில்லிமீற்றர் என்றால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். பவர் சப்ளை 150 வாட்டில் இருக்கட்டும், முழுச் சுமையில் ஓடினால் சீக்கிரம் சூடாகிச் சாகும்.

எல்ஈடி மொடியூலில் ஐபி 67 என்று போட்டிருக்கும். ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பது அதன் பொருள். வெறும் டேப் சுற்றிய மூட்டுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. மூட்டை ஈயம் வைத்துப் பற்றி, உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். வயர் சுவருக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்பு எங்கும் படியும். போர்டின் முகத்தை மழை கழுவிவிடும், முதுகையும் அடியையும் கழுவாது. ஆகவே வெயில் மாதங்களில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்த இடங்களை நல்ல தண்ணீரில் துடையுங்கள். ஸ்க்ரூ ஆணிகள் 316 தர ஸ்டெயின்லஸில் இருந்தால் நல்லது. அலுமினியத்தில் இறுக்கும்போது நடுவே நைலோன் வாஷர் வையுங்கள், இல்லையேல் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிபடும். வெல்டிங் செய்த இடங்களில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே ஸிங்க் பெயின்ட் அடியுங்கள்.

காற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊர் இது. மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று நேரே மோதினால் உங்கள் போர்டின் மேல் சுமார் 140 கிலோ எடை அளவுக்கு அழுத்தம் விழும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது நாலு மடங்கு. உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல்லில் பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கியிருந்தால் தாங்காது. சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விட்டால், காற்று எழுமுன்பே ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கழற்றி, போர்டின் டபுள் போல் சுவிட்சை ஓஃப் பண்ணுங்கள். காற்று தொடங்கிய பின் ஏணியில் ஏற வேண்டாம்.

இவற்றையெல்லாம் செப்டெம்பருக்குள் முடித்து, எலக்ட்ரீஷியனிடம் மெகர் (வயரின் காப்பு நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு, அதற்குப் போகும் 230 வோல்ட் வயரை 500 வோல்ட்டில் சோதிக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் பிழை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பிறகு ஹோஸ் பைப்பால் போர்டின் மேல் தண்ணீர் விட்டு, அடித்துளைகளில் வடிகிறதா என்று பாருங்கள், அந்த நேரம் மின்சாரம் துண்டித்திருக்க வேண்டும்.