வயர் இழுத்தவரின் பெயர் எங்கே? ஊடகக் கலைக் கூட்டுகள் பற்றிக் கேள்வி பதில்

கொழும்பில் ஊடகக் கலைக் குழுக்களோடு (வீடியோ, ஒளி, ஒலி, கணினி கொண்டு கலை செய்கிறவர்கள்) வேலை செய்கிறவள் என்பதால் கேள்விகளை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். படைப்பின் விலை கேட்டவர்கள் கலரிகளிடம் கேளுங்கள்.

வெள்ளவத்தை: அக்கா, '43 குழுவும் கூட்டுத்தானே? புதிதாக என்ன இருக்கிறது?

'43 குழு, நவீன கலைஞர்களின் சங்கம், 1943இல் கொழும்பில் தொடங்கியது. லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல எல்லோரும் சேர்ந்து காட்சி வைத்தார்கள். ஆனால் படம் அவரவர் படம், கையெழுத்தும் அவரவருடையது. டெல்லியில் 1992இல் மூன்று பேர் தொடங்கிய ரக்ஸ் மீடியா கலெக்டிவ் அப்படியில்லை. வீடியோ, எழுத்து, கண்காட்சி எதுவானாலும் குழுவின் பெயரில்தான் வெளியே போகும். மும்பையின் கேம்ப் குழு மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2008இல் பாட்.மா என்ற இணையக் காப்பகத்தைத் திறந்தது. முடித்த படத்தை மட்டும் வைக்காமல், எடிட்டில் வெட்டிப் போட்ட காட்சிகளையும் குறிப்பெழுதிப் போடுகிறார்கள். படம் பிடிப்பது, சேமிப்பது, யார் பார்க்கலாம் என்பது எல்லாமே இங்கே கலையின் விஷயம்.

பம்பலப்பிட்டி: 2022 போராட்டத்தில் காலிமுகத்திடலில் ஜனாதிபதி செயலகச் சுவரில் கோஷங்களை ஒளியால் எழுதினார்களே. வீட்டுப் புரொஜெக்டரால் முடியுமா?

முடியாது. வீட்டுப் புரொஜெக்டரின் ஒளி 3000 லூமன் (ஒளியின் அளவு) அளவில் இருக்கும். பெரிய கட்டிடச் சுவருக்கு 10,000க்கு மேல் வேண்டும். பக்கத்தில் தெருவிளக்கு எரிந்தால் அதுவும் மங்கும். கடற்கரையில் உப்புக்காற்று வேறு.

தெமட்டகொடை: குழுவைப் பதிவு செய்வது எப்படி?

சட்டத்தரணியிடம் போங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கூட்டாகச் செய்த படைப்பின் பொருளாதார உரிமை (படியெடுக்க, விற்க உள்ள உரிமை), அதைச் செய்தவர்களில் கடைசி ஆள் இறந்து 70 ஆண்டு வரை நிற்கும். நீங்கள் சண்டை பிடித்துப் பிரிந்தாலும் நிற்கும். ஆகவே மூலக் கோப்பும் பாஸ்வேர்டும் யார் கையில் என்று முதல் நாளே எழுதி வையுங்கள்.

கொட்டாஞ்சேனை: அக்கா, நான் கல்யாண மண்டபங்களுக்கு லைட்டிங் செய்கிறவன். கண்காட்சிகளுக்கும் கூப்பிடுகிறார்கள். இரவு இரவாக வேலை, ஆனால் வாசலில் பெயர்கள் போடும் பலகையில் என் பெயர் இல்லை. கேட்டால் பிழையா?

பிழையே இல்லை, தம்பி. 1966 ஒக்டோபரில் நியூயோர்க்கில் பெல் தொலைபேசிக் கம்பனியின் ஆய்வுகூடப் பொறியியலாளர்களும் கலைஞர்களும் சேர்ந்து ஒன்பது மாலை நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். ஓவியர் ரொபர்ட் ரோஷன்பர்க்கின் நிகழ்ச்சியில் இருவர் டென்னிஸ் ஆடினார்கள். மட்டைக்குள் சின்ன ட்ரான்ஸ்மிட்டர். பந்து பட்ட சத்தம் மண்டபம் முழுக்க அதிரும், அடிக்கு ஒரு விளக்கு அணையும். முழுக்க இருட்டானதும் ஆட்டம் நின்றது. யோசனை ஓவியருடையது, மட்டைக்குள் இருந்தது பொறியியலாளருடையது. இதைத் தொடர்ந்து ஈ.ஏ.டி. (கலையிலும் தொழில்நுட்பத்திலும் பரிசோதனைகள்) என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் நாலு பேர்: இரண்டு பொறியியலாளர், இரண்டு கலைஞர்.

தெஹிவளை: அப்படியென்றால் வீடு கட்டிய மேசன் பாஸின் பெயரையும் வாசலில் பொறிக்க வேண்டுமே! யோசனைதானே கலை?

பொறித்தால் என்ன குறை, ஐயா? சினிமாவில் லைட்மேன் வரை பெயர் ஓடுகிறது. அதனால் எந்த இயக்குநர் சின்னவராகிப் போனார்? ஒரு கண்காட்சி திறக்கும் அன்று மாலை விளக்கெல்லாம் துடித்துக்கொண்டிருந்தது. விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் வயரின் கடைசி விளக்கு முனையில் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து அதை நிறுத்தியவர் ஒரு லைட்டிங்காரர். யோசனைக்காரர்கள் வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதே ஐயா: ஒரு ரெசிஸ்டருக்காகக் கலைஞர் பட்டமா?

பட்டம் கொடுக்கச் சொல்லவில்லை. பெயர் போடச் சொன்னேன்.

மருதானை: விளக்குகளை வாடகைக் கம்பனி பொருத்தினால்?

கேட்டதைப் பொருத்திவிட்டுக் காசு வாங்கிப் போனால், நன்றிப் பட்டியலில் கம்பனியின் பெயர் போதும். ஒத்திகையில் உட்கார்ந்து, "இதை இப்படிச் செய்தால் என்ன?" என்று கேட்டவர் வேறு ஆள். அவர் பெயர் மேலே வர வேண்டும். ஐயாவுக்கும் இதுதான் பதில், இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

வத்தளை: எந்த சொப்ட்வெயார் நல்லது?

இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கல்கிசை: எங்கள் குழு உடைந்துவிட்டது. வீடியோ எல்லாம் போனவரின் லாப்டொப்பில். என்ன செய்யலாம்?

மேலே எழுதியதை வாசித்தீர்களா? சரி. சண்டையைப் பற்றிக் கதைக்காமல் கொப்பி மட்டும் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அவரைச் செலவழிக்கச் சொல்லாதீர்கள்.